இடது கை முறுக்கிய பிரி

1

இந்த ஊருக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. ஹாலந்து நாட்டின் துறைமுக நகரம். கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்கும் கிரேன்களின் இரும்புக் கயிறுகளைச் சோதிப்பது என் வேலை. கயிற்றின் ஒரு துண்டு என் மேசைக்கு வரும். எத்தனை புரி, எத்தனை கம்பி அறுந்திருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று படிவத்தில் நிரப்ப வேண்டும். படிவத்தின் முதல் கேள்வியே முறுக்கைப் பற்றியது. வலமுறுக்கா, இடமுறுக்கா? கயிற்றை நிமிர்த்திப் பிடித்து, புரிகள் எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுகின்றன என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஊருக்குப் போனபோது பெரியப்பா, "என்ன வேலை பாக்குற?" என்று கேட்டார். "கயிறு பாக்குறேன்" என்றேன். "இதுக்கா உன்னை இன்ஜினியரிங் படிக்க வச்சோம்?" என்று கேட்டுவிட்டு, தோட்டத்துக் கிணற்றுக் கயிற்றைக் காட்டி அதையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். மாற்ற வேண்டிய நிலையில்தான் இருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினான்கு வருடமாக நான் விரும்பிப் படித்துவரும் எழுத்தாளரை நேரில் பார்த்தேன். கேட்பதற்காகப் பதினோரு கேள்விகளை நோட்டில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஒன்றுதான் கேட்டேன். அது என் பட்டியலிலேயே இல்லாத கேள்வி. அம்மா கொடுத்தனுப்பியது.

எழுத்தாளர் பெயரையும் நாவலின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு புத்தகத்தில் வந்த ஆள் யார் என்று ஊர் தேட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதுதான் நான் எழுதப்போகும் விஷயம்.

2

நாவல் எங்கள் பக்கத்துக் கதை. கதர் ஆட்சி போய்க் கழக ஆட்சி வந்திருந்த புதிது. மேலே ஆள்கிறவர்கள் மாறியிருந்தாலும் வயல் மாறவில்லை. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு, விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் வைத்து, அறுவடைக்கு இறங்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். மிராசுதார் மேற்கே இருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறார். அந்த ஆட்களோடு சேர்ந்து, தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, உள்ளூர்க்காரன் ஒருவனும் அறுக்கப் போகிறான். அவன் யார் என்பதை ஏழாவது அத்தியாயத்தில் கண்டுபிடிக்கிறார்கள்.

எப்படி என்றால், பிரியை வைத்து. அறுத்த கதிரைக் கட்டாகக் கட்டுவதற்கு நாலு தாளை முறுக்கிக் கயிறு போல ஆக்குவார்கள். அதுதான் பிரி. களத்தில் கிடக்கும் கட்டுகளில் ஏழு கட்டுக்கு மட்டும் பிரி மாற்றி முறுக்கியிருக்கிறது. இடது கைக்காரன் முறுக்கியது. தெருவில் இடது கைக்காரன் ஒருவன்தான். நாவலின் கடைசியில் ஒரு கல்யாணப் பந்தி வருகிறது. அவன் வந்து உட்காருகிறான். அவன் இலைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற இலைகளில் யாரும் உட்காரவில்லை. பரிமாறுகிறவர் மட்டும் வந்து சோறு வைக்கிறார். அவ்வளவுதான் முடிவு.

கல்லூரி விடுதியில் இதைப் படித்தபோது எனக்குப் பதினெட்டு வயது. இயந்திரவியல் படிக்கிறவள் ஒரு நாவலில் துப்பறிய முறுக்கைப் பயன்படுத்தியிருப்பதைப் பார்த்தால் விடுவாளா? மெஸ்ஸில் சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டு, புல் துடைப்பத்திலிருந்து தாள்களை உருவி இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அன்றே அவர் எனக்குப் பிடித்த எழுத்தாளர் ஆகிவிட்டார்.

லீவுக்குப் புத்தகத்தோடு வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊர் நன்னிலத்துக்குக் கிழக்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே நடக்க வேண்டும். அம்மா என் பையிலிருந்து துணியை எடுத்து வெளியே போட்டவர், புத்தகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"இத எதுக்கு எடுத்துட்டு வந்த?"

"நல்ல புத்தகம்மா. நம்ம பக்கத்துக் கதை."

"தெரியும். இது உங்க தாத்தாவப் பத்தின புத்தகம். வீட்டுக்குள்ள வைக்காத."

தாத்தா என்றால் அம்மாவின் அப்பா. கோவிந்தன். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டவர். அவர் இடது கைக்காரர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அம்மா சொன்னது மூன்றே செய்திகள். அவற்றை அப்போதே என் டைரியில் எழுதிவைத்தேன். ஒன்று: புத்தகம் வந்த புதிதில் சங்கத்துக் கொட்டகையில் ஒரு வாத்தியார் அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டியிருக்கிறார். ரயில்வே கேட்டும் அதை ஒட்டிய இரட்டை மதகும் வந்ததால், இது நம் ஊர்தான் என்று எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு: ஏழாவது அத்தியாயம் வாசித்த அன்று தாத்தாவும் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் திரும்பி அவர் கையைப் பார்த்தார்கள். மூன்று: அடுத்த தெருக் கல்யாணத்தில் அவர் பந்தியில் போய் உட்கார்ந்தபோது, அவருக்கு இரண்டு பக்கமும் யாரும் உட்காரவில்லை.

போராட்டம் நடந்து பல வருடம் கழித்துத்தான் புத்தகம் வந்தது. அதுவரை தாத்தாவை யாரும் எதுவும் சொன்னதில்லை. புத்தகத்தைக் கேட்டு, புத்தகத்தில் இருந்தது போலவே ஊர் நடந்துகொண்டது.

அம்மா அதற்கு மேல் பேசவில்லை. தாத்தா போகவில்லை, கதைக்காரர் கற்பனையாக எழுதியதை ஊர் சாட்சியாக எடுத்துக்கொண்டது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். புத்தகத்தைத் திரும்ப விடுதிக்குக் கொண்டுபோய் வைத்தேன். படிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டுமோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

3

என் மகள் நிலாவுக்கு ஆறு வயது. இடது கைக்காரி. இங்கே அது ஒரு விஷயமே இல்லை. பள்ளியில் இடது கைக்கு என்று தனிக் கத்தரிக்கோல் இருக்கிறது. ஆனால் வீடியோவில் அவள் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா, "பென்சில வலது கையில குடுடி, இப்பவே மாத்திவிடு" என்பார். நிலாவுக்கு அம்மா சொல்வது பாதிதான் புரியும். பாட்டி எதற்காகவோ திட்டுகிறார் என்று நினைத்து, இப்போதெல்லாம் போன் வந்தால் நோட்டை மூடிவிடுகிறாள்.

அப்படியிருக்கும்போது, எழுத்தாளர் ஜெர்மனியில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார், ஒரு நாள் இங்கே அழைக்கலாம் என்று செல்வி அக்கா சொன்னார். செல்வி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் வாசகர் வட்டத்தை முப்பது பேரோடு நடத்துகிறவர். அதில் உண்மையாகப் படிக்கிறவர்கள் ஒன்பது பேர். மண்டபம் பிடிக்கும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டார். "படிவம் நிரப்புறது உமக்கு விருப்பம்தானே" என்றார்.

நகராட்சியின் சமூகக் கூடத்தில் ஒரு படிவம். நிகழ்ச்சியின் வகை: விளையாட்டு, சமயம், சமையல், உடல்நலம், மற்றவை. மற்றவையில் குறித்தால் காப்பீட்டுத் தாள் தனியாக வேண்டும். நேரில் போய் என் டச்சு மொழியில் விளக்கினேன். வயதான எழுத்தாளர் ஒருவர் வருகிறார் என்று சொல்ல நினைத்து, முன்னாள் எழுத்தாளர் என்று சொல்லிவிட்டேன். அலுவலர் பெண் பரிவோடு கேட்டார்:

"இப்போது எழுதுவதில்லையா? அப்புறம் எதற்காக அவரைச் சந்திக்கிறீர்கள்?"

"ஒரு கேள்வி கேட்க வேண்டும்."

"சாப்பாடு உண்டா?"

"வடையும் டீயும்."

சமையல் என்று குறித்துக்கொண்டார். அதற்குக் காப்பீட்டுத் தாள் தேவையில்லையாம்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் போனில் சொன்னேன். நான் போகக்கூடாது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். லைன் போய்விட்டது என்று நினைத்து, "அம்மா?" என்றேன்.

"இருக்கேன். நீ அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்ன?"

"உங்களுக்கு யாரு சொன்னதுன்னு கேளு. அதை மட்டும் கேளு. சண்டை போடாத. பெரியவரு."

பதினோரு கேள்விகளுக்கு மேலே, பக்கத்தின் ஓரத்தில், அதை எழுதிக்கொண்டேன்.

4

இருபத்தேழு நாற்காலி போட்டோம். பத்தொன்பது நிரம்பியது. குழந்தைகள் தாழ்வாரத்தில் டச்சு மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நிலா மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பள்ளிச் சுவரில் எழுத்தாளர்களின் படங்கள் உண்டு. எல்லோரும் இறந்துபோனவர்கள்.

"இவர் உயிரோட இருக்காரா?" என்று என் காதில் கேட்டாள்.

"இருக்கார். பாரு, டீ குடிக்கிறார்."

அவர் நான் நினைத்ததைவிடக் குள்ளம். பூதலூரில் வளர்ந்தவர். அரைக்கைச் சட்டைக்கு மேல் மகனுடையது போலிருந்த பெரிய குளிர்கோட்டு. ஒரு மணி நேரம் பேசினார். நாவல் எழுதிய கதையைச் சொல்லவில்லை. ஜெர்மனியில் பேரன் தன்னைக் கையைப் பிடித்துச் சாலை கடக்க வைப்பதைச் சொன்னார். "எனக்கு அங்க ரெண்டு வார்த்தை தெரியும். நன்றி, மன்னிக்கணும். இந்த வயசுக்கு அது போதும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, தமிழ் இனி வாழுமா என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் அவரே பதில் சொன்னார். நான் கை தூக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் அம்மாவின் கேள்வியைக் கேட்க முடியவில்லை. மற்ற பதினொன்றும் திடீரென்று பள்ளிப் பரீட்சைக் கேள்விகள் போலத் தெரிந்தன.

"என்ன பிள்ளை, ஒரு கிழமையா நோட்டோட திரிஞ்சீர். ஒண்டும் கேக்கேல்லையோ?" என்றார் செல்வி அக்கா.

"கையெழுத்து வாங்கறப்ப கேக்குறேன்க்கா."

வரிசையில் கடைசியாக நின்றேன். என் பழைய பிரதியை மேசையில் வைத்தேன். அட்டை கிழிந்து செல்லோடேப் ஒட்டியது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"அம்மா, அவரும் இந்தக் கைதான்!" என்று நிலா தன் இடது கையைத் தூக்கிக் காட்டிக் கத்தினாள்.

அவர் இடது கையில்தான் பேனாவைப் பிடித்திருந்தார். நிலாவைப் பார்த்துச் சிரித்தார். "நீயுமா? உன்னை வாத்தியார் அடிக்கலையா? என் கையைத் துணி போட்டுக் கட்டி வச்சாரும்மா எங்க வாத்தியார். வீட்டுக்கு வந்து அவுத்துக்குவேன்."

பதினான்கு வருடம் படித்த எனக்கு இது தெரியாது. எந்தப் புத்தகத்தின் பின் அட்டையிலும் எந்தக் கையால் எழுதினார் என்று போடுவதில்லை.

5

"சார், நான் நன்னிலம் பக்கம். இந்தப் புத்தகத்துல ஏழாவது அத்தியாயம்... அது உங்களுக்கு யாரு சொன்னது?"

"எது, அந்தப் பிரி விஷயமா?" நிமிர்ந்தார். "இத்தனை வருஷத்துல அத யாருமே கேட்டதில்ல. எல்லாரும் கற்பனைன்னு நினைச்சுக்கிட்டாங்க."

"கற்பனை இல்லையா?"

"உக்காரும்மா."

உட்கார்ந்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. நன்னிலத்துல தாலுகா ஆபீஸ்ல டெம்பரரி. சிட்டா, அடங்கல் காப்பி எழுதுற வேலை. சைக்கிள்ல வர்றேன், ரயில்வே கேட் சாத்தியிருக்கு. பக்கத்துல நாலு மாட்டு வண்டி, நெல்லுக் கட்டு ஏத்திக்கிட்டு, போலீஸ் காவலோட நிக்குது. கூட்ஸ் ரயில், ஊர்ந்து போகுது. எனக்கு வேற வேலை இல்ல, கட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். மேற்க இருந்து வந்த ஆளுங்க பிரிய முறுக்க மாட்டாங்க. வெறும் தாளை வச்சு முடிச்சுப் போட்டுடுவாங்க. முறுக்கிச் செருகுறது நம்ம பக்கத்து வழக்கம். வண்டியில எல்லாம் முடிச்சு. நடுவுல ஏழு கட்டு மட்டும் முறுக்குப் பிரி. அதுவும் என் கை முறுக்குற மாதிரி முறுக்கியிருக்கு."

கையைத் தூக்கி, இல்லாத தாளைக் காற்றில் முறுக்கிக் காட்டினார். நான் பார்த்தேன். இடமுறுக்கு.

"சரி, உள்ளூர் ஆள் ஒருத்தர் போயிருக்காரு, அவரும் என்ன மாதிரிதான்னு தெரிஞ்சுபோச்சு. போலீஸ்காரங்களுக்குத் தெரியல, மிராசுதாருக்குத் தெரியல, எனக்கு மட்டும் தெரியுது. பன்னெண்டு வருஷம் அது மண்டைக்குள்ளயே இருந்தது."

"யாருன்னு விசாரிச்சீங்களா?"

"இல்ல. அந்த ஊருக்குள்ள நான் போனதே இல்ல. கேட்டோட திரும்பிட்டேன். யாரும் எனக்கு எதுவும் சொல்லலம்மா. கட்டுதான் சொன்னுச்சு."

பதினான்கு வருடமாக ஒரு பதிலுக்குத் தயாராக இருந்தேன்: கற்பனை. அதை அவர் வாயால் கேட்டுக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுத்தால் தாத்தாவின் பெயர் சரியாகிவிடும். இப்போது கிடைத்த பதில் நேர் எதிரானது. ஏழு கட்டு உண்மை. தெருவில் இடது கைக்காரர் ஒருவர்தான்.

"நீ ஏன் கேக்குற?" என்றார்.

சொன்னேன். கொட்டகையில் வாசித்தது, கையைப் பார்த்தது, பந்தி. பந்தியைச் சொன்னபோது அவர் பேனாவின் மூடியைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

"பந்தியிலயா?"

"ஆமா சார்."

"ரெண்டு பக்கமுமா?"

"ஆமா."

"அது நான் கற்பனை பண்ணதும்மா. அந்த ஒண்ணுதான் கற்பனை." பேனா மூடியை மேசையில் வைத்தார். "எனக்கு அவரு ஏழு கட்டு. அவ்வளவுதான். அதுக்குப் பின்னால ஒரு வீடு இருக்கும், அதுல உக்காந்து யாராவது இதக் கேப்பாங்கன்னு தோணவே இல்ல. பேரு என்ன?"

"கோவிந்தன்."

"உங்கம்மா பேரு?"

"சகுந்தலா."

புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, மெதுவாக எழுதினார். இடது கை எழுத்து சாயாமல் நேராக நின்றது. "கோ. சகுந்தலா அவர்களுக்கு. எனக்கு யாரும் சொல்லவில்லை." கீழே கையெழுத்து. தேதி போடவில்லை.

"மன்னிக்கணும்னு எழுதலாம். எழுதினா எனக்குத்தான் நிம்மதி. அவங்க கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அத மட்டும் எழுதியிருக்கேன்" என்றார்.

6

அன்று அம்மாவைக் கூப்பிடவில்லை. ட்ராமில் வரும்போது, சொல்வதில் உள்ள சாதக பாதகங்களை நோட்டில் எழுதிப் பார்த்தேன். சொன்னால்: தாத்தா போனது உறுதியாகும். சொல்லாவிட்டால்: அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார். பொய் சொன்னால்: புத்தகத்தில் அவர் கைப்பட எழுதிக் கொடுத்திருப்பதே காட்டிக் கொடுத்துவிடும். நிலா என் பயண அட்டையின் நாடாவை விரலில் முறுக்கிக்கொண்டு வந்தாள். எந்தப் பக்கம் என்று நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை.

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன் கூப்பிட்டேன். அங்கே சமையல் நடக்கிற நேரம். அம்மா போனைச் சுவரில் சாய்த்துவைத்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"கேட்டியா?"

ரயில்வே கேட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு கட்டு என்றபோது அம்மா தலையாட்டினார். ஆச்சரியப்படவே இல்லை.

"அம்மா, தாத்தா போகலன்னுதானே நீ..."

"போகலன்னு நான் எப்ப சொன்னேன்? போனாரு. மூணு நாள் போனாரு. தம்பி காய்ச்சல்ல கெடந்தான், வீட்டுல உலை வச்சு ரெண்டு நாளாச்சு. அந்த நெல்லுலதான் கஞ்சி குடிச்சோம். அத விடு. யாரு சொன்னதுன்னாரு?"

"யாரும் சொல்லலன்னாரு. அந்த ஊருக்குள்ள வந்ததே இல்லயாம்."

கத்தி நின்றது.

"வந்ததே இல்லயா? ஜோல்னாப் பை மாட்டிக்கிட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டு வரலயா?"

"கேட்டோட திரும்பிட்டாராம். ஏம்மா?"

"அப்ப எனக்கு ஒம்பது வயசு." அம்மா அவரைக்காயைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ரோட்டுல நிக்கிறேன். பை மாட்டின ஆள் ஒருத்தர் வந்து, 'பாப்பா, உங்க தெருவுல யாராச்சும் அறுப்புக்குப் போறாங்களா'ன்னு கேட்டாரு. எங்கப்பா போறாருன்னு சொன்னேன். பெருமையாச் சொன்னேன்டி. எல்லா வீட்டு அப்பாவும் சும்மா உக்காந்திருக்காங்க, எங்கப்பா மட்டும் வேலைக்குப் போறாருன்னு. புத்தகம் வந்தப்ப, அந்த ஆளுதான் எழுதிட்டாருன்னு நினைச்சேன். என் வாயாலதான் எங்கப்பா பந்தியில தனியா உக்காந்தாருன்னு."

இத்தனை வருடம் நான் தாத்தாவின் வழக்கை நடத்திக்கொண்டிருந்தேன். அம்மா நடத்திக்கொண்டிருந்தது தன்னுடையதை.

புத்தகத்தைக் காமிரா முன்னால் பிடித்தேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து முகத்துக்கு அருகே வைத்தார். திரையில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது.

"படி."

"கோ. சகுந்தலா அவர்களுக்கு. எனக்கு யாரும் சொல்லவில்லை."

"அப்பா இனிஷியல் போட்டிருக்காரு."

"ஆமாம்மா."

"இன்னொரு தரம் படி."

படித்தேன். அதற்குள் பள்ளிப் பையோடு நிலா வந்து நின்றாள். பாட்டியைப் பார்த்ததும் வழக்கம்போல நோட்டை மூடினாள்.

"ஏன் மூடுறா? தொறக்கச் சொல்லு. எந்தக் கையில வேணா எழுதட்டும்" என்றார் அம்மா. பிறகு, அவரைக்காய்த் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பொங்கலுக்கு வர்றப்ப அந்தப் புத்தகத்த எடுத்துட்டு வா" என்றார்.

"வீட்டுக்கா?"

"பின்ன எங்க? ஊரே படிச்சிருச்சு. நான் ஒரு வரி படிச்சதில்லடி. எங்கப்பாவ எப்படி எழுதியிருக்காருன்னு பாக்கணும்."